நெல் இருந்தது, அரிசி இல்லை

கடைமடைக் களங்கள் – 11

கடலூருக்கு அருகே புனித டேவிட் கோட்டையின் மதிலில் பிரெஞ்சுக் கொடி ஏறியதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். 1758 ஜூன் 2. தளபதி லாலி புதுச்சேரியில் வந்திறங்கி ஐந்தே வாரம் ஆகியிருந்தது. அதற்குள் கடலூரும் புனித டேவிட் கோட்டையும் அவர் கையில். அடுத்த சில நாளில் தேவிகோட்டையும்.

அடுத்தது சென்னைப்பட்டணம் என்று அவர் துடித்தார். கப்பற்படைத் தலைவர் தாஷே உடன்வர முடியாது என்று கைவிரித்துவிட்டார். ஆளுநர் தெ லெய்ரி கஜானாவைத் திறந்து காட்டினார். காலி.

அப்போதுதான் ஏசு சபைப் பாதிரியார் லவோர் ஒரு பழைய கடன் பத்திரத்தை நினைவூட்டினார். 1749இல் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுப் படையும் தஞ்சாவூரை வளைத்துக்கொண்டு நின்றபோது, மன்னர் பிரதாபசிம்மர் வேறு வழியில்லாமல் எழுதிக்கொடுத்த பத்திரம். தொகை 56 லட்சம் ரூபாய். வசூலாகாமல் புதுச்சேரிப் பெட்டியில் கிடந்தது.

கடன் வசூலிக்க ஒரு படையே புறப்பட்டது. ஜூன் 18ஆம் தேதி 1,600 ஐரோப்பியர்களும் அவர்களோடு சிப்பாய்களும் தெற்கே நடந்தார்கள்.

கையில் ஒரு துருப்புச் சீட்டும் இருந்தது. தஞ்சை அரியணைக்கு உரிமை கோரிய ஷாஜியின் உறவினர் காட்கே, புனித டேவிட் கோட்டையில் ஆங்கிலேயரின் காவலில் இருந்தவர். பிரதாபசிம்மர் பணம் தர மறுத்தால் மாற்று அரசர் தயார் என்று காட்டுவதற்காக லாலி அவரையும் கூட்டிக்கொண்டார்.

கணக்கெல்லாம் சரிதான். சோற்றுக் கணக்கை மட்டும் யாரும் போடவில்லை.

*

நண்டலாற்றைத் தாண்டி

பொறையாறு தாண்டி நண்டலாற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினால் இன்றைக்குப் புதுச்சேரி மாநிலம் தொடங்கிவிடுகிறது. கோட்டுச்சேரி, கோட்டுச்சேரிமேடு, அப்புறம் காரைக்கால். இருபுறமும் வயல். பேருந்தில் அரை மணி நேரம்கூட ஆகாது.

லாலியின் படை வந்ததும் வடக்கிலிருந்து இந்தப் பக்கமாகத்தான். சிதம்பரம், கொள்ளிடத்து வாயிலில் தேவிகோட்டை, டேனியர்களின் தரங்கம்பாடி, பிறகு காரைக்கால். ஜூன் 25 அன்று வந்து சேர்ந்தபோது அது படையாக இல்லை, பசியாக இருந்தது.

நடந்தது இதுதான். தேவிகோட்டைக்கு வந்தபோதே வீரர்கள் வயிறு ஒட்டிக் கிடந்தார்கள். ஊரில் தேடினால் நெல் கிடைத்தது. குவியல் குவியலாகக் கிடைத்தது. குத்தித் தர ஆள் இல்லை.

காவிரிக்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெல் என்பது சாப்பாடு ஆவதற்கு முன்னால் எத்தனை கை மாற வேண்டும்! அவிக்க வேண்டும், பதமாகக் காயவைக்க வேண்டும், உரலில் போட்டு இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போட வேண்டும். முறத்தில் புடைத்து உமி வேறு, தவிடு வேறு, நொய் வேறு என்று பிரிக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் இரண்டு படி நெல்லுக்கு ஒரு படி அரிசி மிஞ்சினால் உண்டு. இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்த கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. படை வருகிறது என்ற செய்தி வந்தால் ஊரைவிட்டு முதலில் கிளம்புவதும் அவர்கள்தான்.

ஐரோப்பாவின் போர்க்களங்களில் பேர் வாங்கிய படை, நெற்குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து பட்டினி கிடந்தது.

காரைக்காலிலாவது வயிறு நிறையும் என்று நம்பி வந்தார்கள். அது 1739 முதல் பிரெஞ்சுக்காரர்களின் சொந்த ஊர். ஆனால் அங்கே அவர்களுக்காகக் காத்திருந்தவை 28 மாடுகளும் கொஞ்சம் மாவும்தான். 1,600 பேருக்கு அது ஒரு வேளைக்குக் காணுமா? சிப்பாய்களை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

*

ஏன் யாரும் இல்லை?

லாலியைக் கோமாளியாகக் காட்டிவிட்டுப் போவது எளிது. பல நூல்கள் அப்படித்தான் செய்கின்றன. அந்த ஆள் கோழை இல்லை, சோம்பேறியும் இல்லை. அயர்லாந்திலிருந்து நாடுகடந்து பிரான்சுக்கு வந்த குடும்பம். 1745இல் ஃபோன்டனாய் போரில் ஐரிஷ் படைப்பிரிவோடு நின்று ஆங்கிலேயரைத் தாக்கிப் புகழ் பெற்றவர். ஆங்கிலேயர் மீது அவருக்கு இருந்த கோபம் பரம்பரைச் சொத்து.

அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. இந்த மண்ணில் ஒரு படை எப்படி நடக்கிறது என்பது.

நம் ஊர்ப் படைகளுக்குப் பின்னால் ஒரு சந்தையே நடந்து வரும். அரிசிக் கடைக்காரர், உப்புக்காரர், பொதிமாட்டுக்காரர், புல் அறுப்பவர், நெல் குத்துபவர், துணி வெளுப்பவர். ஒரு சிப்பாய்க்குப் பின்னால் இரண்டு மூன்று பேர். பார்ப்பதற்கு ஒழுங்கற்ற கூட்டமாகத் தெரியும். அந்தக் கூட்டம்தான் படையின் வயிறு. தனித்தனித் தரகர்கள் மூலமாக, முன்பணம் கொடுத்து, சாதிக்கட்டு பார்த்து, பேசிப் பேசிச் சேர்க்க வேண்டிய கூட்டம் அது.

லாலி என்ன செய்தார்? புனித டேவிட் கோட்டை முற்றுகைக்குச் சுமை தூக்க ஆள் போதவில்லை என்றதும், புதுச்சேரியில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்து இழுத்துவரச் சொன்னார். சாதி பார்க்கவில்லை, தொழில் பார்க்கவில்லை. பீரங்கி வண்டியில் பூட்டினார்.

சாதி பார்க்காதது நல்லதுதானே என்று இன்றைய வாசகர் கேட்கலாம். சமத்துவத்துக்காகச் செய்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். எல்லோரையும் ஒரே மாதிரி மாடாக நடத்தியதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. விளைவு என்னவோ உடனே தெரிந்தது. சுமைகூலிகள் ஓடினார்கள். மாட்டுக்காரர்கள் மாட்டோடு ஓடினார்கள். வர்த்தகர்கள் கடையைச் சாத்தினார்கள். 'அந்தத் தளபதி வருகிறார்' என்ற சேதி படைக்கு முன்னால் ஓடிக்கொண்டே போனது.

காரைக்காலிலிருந்து அவர் நாகப்பட்டினத்து டச்சுக்காரர்களிடமும் தரங்கம்பாடி டேனியர்களிடமும் வெடிமருந்து கேட்டார். கேட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது, மிரட்டி வாங்கினார். மருந்து கிடைத்தது. அரிசி அவர்களிடமும் போதுமான அளவு இல்லை.

*

நாகூர், கீழ்வேளூர், திருவாரூர்

பசித்த படை முதலில் பாய்ந்தது நாகூர் மீது. கடல் வணிகத்தில் கொழித்த ஊர். தர்காவின் 131 அடிப் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவரே பிரதாபசிம்மர்தான். மராட்டிய மன்னருக்கும் மரக்காயர் துறைமுகத்துக்கும் இருந்த நெருக்கம் அது.

படை உள்ளே நுழைந்தபோது வட்டிக்கடைக்காரர்களும் வணிகர்களும் விலை உயர்ந்ததையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டிருந்தார்கள். மிச்சத்தை என்ன செய்வது? லாலி ஏலம் விடாத குறையாக விற்றார். ஹுஸ்ஸார் குதிரைப்படையின் தலைவர் ஃபிஷருக்கு, ஊரைக் கொள்ளையடிக்கும் உரிமை மொத்தக் குத்தகையாக 2 லட்சம் ரூபாய்க்குப் போனது. அரசாங்கத் தளபதி ஒருவர் ஒரு துறைமுகத்தைத் தன் கீழதிகாரிக்கே குத்தகை விட்டார்!

அடுத்தது கீழ்வேளூர். கோயிலுக்குள் தங்கம் புதைந்திருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தரையைத் தோண்டினார்கள். குளத்தைத் துழாவினார்கள். வீடுகளைப் புரட்டிப்போட்டார்கள். கிடைத்த விக்கிரகங்களை உரசிப் பார்த்தால் பித்தளை.

பிறகு திருவாரூர். தியாகராசர் கோயில் வட்டாரத்தை விட்டுப் போக மனமில்லாமல் சில அந்தணர்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒற்றர்கள் என்றார் லாலி. ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

அவர்கள் உண்மையில் ஒற்றர்களா? இருந்திருக்கலாம். படையெடுத்து வருபவனுக்கு எதிராகச் சொந்த ஊர்க்காரன் சேதி சொல்வது புதிதில்லை. ஆனால் அந்த ஆறு வெடிகளுக்குப் பிறகு, திருவாரூர் முதல் தஞ்சாவூர் வரை லாலிக்குச் சேதி சொல்ல ஒருவரும் இல்லை. எந்த வாய்க்காலில் மாடு இறங்கும், எந்த ஊரில் தவசம் பதுங்கியிருக்கிறது, எதிரி எங்கே நிற்கிறான், எதுவும் தெரியாமல் நடக்க வேண்டியதாயிற்று.

*

வெளியூரிலிருந்து வந்தவர்கள்

தஞ்சைக் குதிரைப்படைக்குத் தலைவர் மானோஜி அப்பா. முந்தைய இருபது ஆண்டுச் சண்டைகளில் அடிபட்டுத் தேறிய மராட்டியத் தளபதி. நேருக்கு நேர் நின்றால் பிரெஞ்சுத் துப்பாக்கி வரிசை தன் குதிரைகளை அரைத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் நிற்கவே இல்லை.

அவர் வேட்டையாடியது மாடுகளை. மேயப்போன மாடு திரும்பி வராது. புல்லுக்குப் போனவன் திரும்பி வரமாட்டான். காரைக்காலிலிருந்து கிளம்பும் வண்டி வழியில் எங்கேயோ காணாமல் போகும். படை நின்றால் குதிரைகள் தூரத்தில் நின்று பார்க்கும். நடந்தால் பின்னாலேயே வரும்.

மன்னர் நாலா திசைக்கும் ஆள் அனுப்பினார். புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையிலிருந்து கள்ளர்கள் வந்தார்கள். காட்டுக்குள் புகுந்து வெளிவருவதும், இரவில் பாளையத்துக்குள் நுழைந்து குதிரையை அவிழ்த்துக்கொண்டு போவதும் அவர்களுக்குக் கைவந்த கலை. ஏறக்குறைய இருபது ஆண்டுக் கர்நாடகப் போர்களில் இரு தரப்பு வெள்ளைக்காரர்களும் எழுதிவைத்த குறிப்புகளில் அவர்களைப் பற்றிய புலம்பல் நிறைய உண்டு. புலம்பியவர்களே அடுத்த ஆண்டு அவர்களைக் கூலிக்கு அமர்த்தியதும் உண்டு.

திருச்சிராப்பள்ளியில் ஆங்கிலத் தளபதி கேப்டன் கேலியட் ஒரு சங்கடத்தில் இருந்தார். அவர் கோட்டைக்குள்ளேயே ஏறக்குறைய 500 பிரெஞ்சுக் கைதிகள் அடைபட்டிருந்தார்கள். காவலைக் குறைத்தால் உள்ளேயே கலகம் வெடிக்கும். உதவி அனுப்பாவிட்டால் தஞ்சை விழும். தஞ்சை விழுந்தால் அடுத்த முற்றுகை திருச்சிக்கு. அனுப்பிய பிறகு பிரதாபசிம்மர் லாலியோடு சமாதானமாகிவிட்டால், போன சிப்பாய்களின் கதி? யோசித்து யோசித்து 500 சிப்பாய்களையும் சில பீரங்கிக்காரர்களையும் அனுப்பினார். பிறகு இன்னும் அனுப்பினார்.

இங்கே ஒரு நிமிடம் நின்று இந்தக் களத்தைப் பாருங்கள். படையெடுத்து வந்தவர் ஐரிஷ் வம்சத்துப் பிரெஞ்சுத் தளபதி. அவருடைய குதிரைப்படை ஹுஸ்ஸார் வகை. அந்த மரபு ஹங்கேரியில் பிறந்தது. அவருடைய அதிகாரிகளில் ஒருவரான தெஸ்தேங் பிரபு, சரியாக இருபது ஆண்டுக்குப் பிறகு, அமெரிக்க விடுதலைப் போருக்குப் பிரெஞ்சுக் கப்பற்படையை நடத்திச் சென்றவர். எதிர்த்து நின்றவர் மராட்டி பேசும் மன்னர். அவருக்கு உதவ வந்தவர்கள் புதுக்கோட்டைக்காரர்களும் ஆங்கிலக் கம்பெனியின் சம்பளச் சிப்பாய்களும். இதில் யார் அந்நியர், யார் உள்ளூர்?

வயல்காரரைத் தவிர எல்லோருக்கும் அது வெளியூர்தான். அந்த வயல்காரர் தன் பங்குக்குச் செய்ததை யாரும் வீரம் என்று எழுதிவைக்கவில்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். உலக்கையைத் தூக்கிக்கொண்டு போனார்.

*

மொரீஷியஸ் மிரட்டல்

ஜூலை நடுவில் படை தஞ்சையை நெருங்கியது. கூடவே பேரமும் நடந்துகொண்டிருந்தது. 56 லட்சத்தில் தொடங்கிய லாலி இறங்கி இறங்கி வந்தார். மன்னர் ஏறி ஏறி வந்தார், மிக மெதுவாக. பிரதாபசிம்மருக்குக் காலம்தான் ஆயுதம். ஒவ்வொரு நாள் பேச்சுக்கும் எதிரிப் பாளையத்தில் ஒரு நாள் அரிசி குறைகிறது.

லாலிக்குப் பொறுமை போயிற்று. மன்னரையும் அவர் குடும்பத்தையும் கப்பலேற்றி மொரீஷியஸ் தீவுக்கு அடிமைகளாக அனுப்பிவிடுவேன் என்று எழுதினார்.

பாரிஸில் இருந்து வந்தவருக்கு அது கோபத்தில் விழுந்த வார்த்தையாக இருக்கலாம். இந்தக் கரையில் அது வெறும் வார்த்தை கிடையாது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் அந்தத் தீவுக்கு அடிமைகளைப் பிரெஞ்சுக் கப்பல்கள் ஏற்றிப் போயிருந்தன. பஞ்சத்தில் விற்கப்பட்டவர்கள், கடத்தப்பட்டவர்கள். 'தீவுக்கு அனுப்பிவிடுவேன்' என்றால் என்ன அர்த்தம் என்று ஏழைக்கும் தெரியும். இப்போது அதே வார்த்தை அரண்மனை வாசலுக்கு வந்துவிட்டது.

இந்தத் தொடருக்காக இந்தப் போரை அக்கக்காகப் பிரித்துப் பார்க்கும்போது, திருப்புமுனை என்று நான் விரல் வைப்பது இந்தக் கடிதத்தின் மீதுதான். அதுவரை பிரதாபசிம்மர் பணம் கொடுத்துத் தப்பிக்கும் மனநிலையில் இருந்தார். தஞ்சை மன்னர்கள் பலமுறை அப்படித் தப்பித்திருக்கிறார்கள். அதில் அவமானம் ஒன்றும் பார்க்கமாட்டார்கள். பணம் கேட்பவனோடு பேரம் பேசலாம். அடிமையாக விற்பேன் என்பவனோடு என்ன பேசுவது? கதவுகள் சாத்தப்பட்டன.

*

மதிலில் ஓட்டை, வயிற்றிலும் ஓட்டை

ஆகஸ்ட் 2. பிரெஞ்சுப் பீரங்கிகள் தஞ்சைக் கோட்டை மீது முழங்கத் தொடங்கின.

அதற்கு மறுநாள், ஆகஸ்ட் 3. கிழக்கே, காரைக்கால் - நாகப்பட்டினம் கடலில் வேறு பீரங்கிகள் முழங்கின. ஆங்கிலத் தளபதி போகாக்கின் கப்பல்களும் தாஷேயின் கப்பல்களும் மோதிக்கொண்டன. பிரெஞ்சுத் தரப்பில் சேதம் பல மடங்கு. தாஷேயே காயப்பட்டார். கப்பல்களை இழுத்துக்கொண்டு புதுச்சேரிப் பக்கம் ஓடினார். போகாக் அன்றிரவே காரைக்காலுக்கு எதிரே நங்கூரம் போட்டார்.

கரையில் நின்ற காரைக்கால்காரர்கள் மறுநாள் காலையில் எந்தக் கொடியைப் பார்த்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

செய்தி தஞ்சைக்கு வந்து சேர ஆகஸ்ட் 8 ஆனது. அதற்குள் மதிலில் ஓட்டை விழுந்துவிட்டது. ஆள் நுழையலாம். ஆனால் பீரங்கிக்கு மிச்சம் ஏறக்குறைய 150 குண்டு. ஒரு சிப்பாய்க்கு 20 தோட்டா. இரண்டு நாள் சாப்பாடு.

லாலி அதிகாரிகளைக் கூட்டினார். உள்ளே பாய்வதா, திரும்புவதா? பாய்ந்து பிடித்தாலும் அரண்மனைக்குள் இன்னொரு சண்டை பிடிக்க மருந்து இல்லை. திரும்பினால், காரைக்கால் போனதென்றால் நிற்க இடம் இல்லை. பெரும்பாலோர் சொன்னது: திரும்பிவிடுவோம்.

ஆகஸ்ட் 9 அன்று நோயாளிகளையும் காயம்பட்டவர்களையும் ஒரு காவல் படையோடு காரைக்காலுக்கு முன்னதாக அனுப்பினார்கள். மறுநாள் இரவு மொத்தப் படையும் கிளம்புவதாக ஏற்பாடு.

நோயாளிகள் போகிற வண்டிச் சத்தம் மானோஜியின் காதுக்குக் கேட்காமல் இருக்குமா?

*

ஐம்பது குதிரைகள்

1758 ஆகஸ்ட் 10. விடிகிற நேரம்.

தஞ்சை நகரப் பக்கமிருந்து 50 குதிரைவீரர்கள் வந்தார்கள். பாய்ச்சலாக வரவில்லை. அவசரம் இல்லாமல், நடையில். பிரெஞ்சுக் காவல்காரர்கள் நிறுத்தினார்கள்.

"மன்னரை விட்டு வந்துவிட்டோம். உங்களிடம் வேலைக்குச் சேர வந்திருக்கிறோம். தளபதியைப் பார்க்க வேண்டும்" என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம்.

அந்தக் காலத்தில் இது அதிசயமே இல்லை. குதிரையும் வாளும் சொந்தமாக வைத்திருப்பவன் சம்பளம் கிடைக்கும் பக்கம் போவான். லாலியிடமோ குதிரைப்படை குறைவு. ஐம்பது குதிரை தானாக வந்தால் வேண்டாம் என்பாரா? உள்ளே விட்டார்கள். தளபதியின் இருப்பிடத்துக்குக் கூப்பிடு தூரம் வரைக்கும் விட்டார்கள்.

லாலி எழுந்து வந்தார். படுக்கையிலிருந்து வந்தபடியே, கையில் ஒரு தடி மட்டும்.

வந்தவர்களின் தலைவரான ஜமேதார் குதிரையை முன்னால் விட்டார். பேச வருகிறார் என்று நினைத்திருப்பார்கள். வாள் லாலியின் தலையை நோக்கி இறங்கியது. லாலி தடியால் தட்டிவிட்டார். அடுத்த வெட்டு விழுவதற்குள் லாலியின் ஆப்பிரிக்க வேலைக்காரர் ஒருவர் ஜமேதாரைச் சுட்டு வீழ்த்தினார். அந்த மனிதரின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. அன்று அவர் சுடாமல் இருந்திருந்தால் இந்தத் தொடரின் அடுத்த பல வாரங்கள் இல்லை.

அதே வேளையில் இன்னொரு குதிரைவீரர் வரிசையை உடைத்துக்கொண்டு போனார். நேராக வெடிமருந்து வண்டிக்கு. கைத்துப்பாக்கியை மருந்துக்குள் நீட்டிச் சுட்டார்.

வண்டி வெடித்தது. அவரும் சிதறினார்.

பாளையம் முழுக்க அலறல். காவல் படை வரிசை கட்டிச் சுடத் தொடங்கியது. மிச்சக் குதிரைகள் திரும்பிப் பாய்ந்தன. பல பக்கத்திலிருந்த குளத்துக்குள் விழுந்தன. ஐம்பது பேரில் பாதிக்கு மேற்பட்டோர் அங்கேயே முடிந்தார்கள்.

முடிந்ததா என்றால், தொடங்கியதே அப்போதுதான். தஞ்சைப் படை நாலா பக்கமும் இறங்கியது. மானோஜியின் குதிரைகள், கள்ளர்கள், திருச்சிச் சிப்பாய்கள் எல்லோரும். அரைத் தூக்கத்தில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் சுதாரித்துக்கொண்டு திருப்பி அடித்தார்கள். அன்று பகல் முழுக்கத் தஞ்சைத் தரப்புக்குத்தான் உயிர்ச்சேதம் அதிகம். வரிசையில் நின்று சுடும் படையின் பலம் பசியிலும் குறையவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தக் காட்சியை நமக்கு விவரமாக எழுதிவைத்தவர் ராபர்ட் ஓர்ம். அந்தக் காலத்தில் சென்னை ஆங்கிலக் கவுன்சிலில் இருந்தவர். பிற்பாடு கம்பெனியின் வரலாற்றாசிரியர். மருந்து வண்டியில் சுட்டவர் அபின் மயக்கத்தில் இருந்ததாக அவர் கருதுகிறார். எனக்கு அது ஒட்டவில்லை. வந்த இடம் தளபதியின் வாசல். சுட்ட இடம் மருந்து வண்டி. வந்த நாள், படை கிளம்பப்போகும் நாள். பின்னாலேயே பெரும்படை தயாராக நிற்கிறது. போதையில் தடுமாறியவர்கள் இவ்வளவு குறி பார்ப்பார்களா? தளபதி, மருந்து இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடத் திட்டமிட்டே வந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. திரும்பிப் போகும் உத்தேசம் மருந்து வண்டியில் சுட்டவரிடமாவது இருந்திருக்காது.

*

காரைக்காலை நோக்கி

அன்று நள்ளிரவில் படை நகர்ந்தது. பெரிய முற்றுகைப் பீரங்கிகள் மூன்றை இழுக்க மாடு இல்லை. ஆணி அடித்துச் செயலிழக்க வைத்துவிட்டு, வண்டிகளை உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

முன்னாலும் பின்னாலும் சிறு பீரங்கிகள். நடுவில் மூட்டை முடிச்சு, மிச்சமிருந்த மாடுகள். இரண்டு வரிசையாகக் காலாட்படை. ஆடிக் கடைசி. கையில் அரிசி இல்லை. வழியில் ஊர் இருந்தது, ஆள் இல்லை. போகும்போது தாங்களே காலி செய்த கீழத்தஞ்சை வழியாகத்தான் திரும்பவும் வந்தாக வேண்டும்.

குதிரைகள் விடவில்லை. பின்தங்கியவன் அகப்பட்டான். தாகத்துக்கு ஒதுங்கியவன் அகப்பட்டான். முழுப்படையையும் மறித்து நிறுத்தும் தெம்பு மானோஜிக்கு இல்லை. அதற்கு அவசியமும் இல்லை.

திருவாரூருக்கு வந்த பிறகுதான் காரைக்காலிலிருந்து அனுப்பிய தானியம் எதிர்ப்பட்டது. அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு மேலும் நடந்து, ஆகஸ்ட் 18ஆம் தேதி படை காரைக்காலுக்கு வந்து சேர்ந்தது. போய்த் திரும்ப இரண்டு மாதம். கடன் பத்திரத்தில் கண்ட 56 லட்சத்தில் கைக்கு வந்தது சொற்பம். தஞ்சைக் கோட்டையில் மன்னர் பிரதாபசிம்மர் அப்படியே இருந்தார். மாற்று அரசராகக் கூட்டிப்போன காட்கேயை யாரும் அரியணையில் ஏற்றவில்லை.

லாலி கடற்கரைக்கு வந்து பார்த்தபோது எதிரே ஆங்கிலக் கப்பல்கள் நின்றன. படையை நகர்த்திக்கொண்டு வடக்கே, வந்த வழியாகவே, புதுச்சேரிக்கு விரைந்தார். அவர் மனதில் ஒன்றே ஒன்றுதான்: தாஷேயைப் பிடித்து நிறுத்த வேண்டும். இன்னொரு முறை கடலில் மோதச் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் சென்னைக்கு முன்னால் வெறுமனே நிற்கவாவது சொல்ல வேண்டும்.

ஆனால் தாஷே ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார். பாய்களைத் தைத்துக்கொண்டு, மொரீஷியஸுக்குத் திரும்பும் நாளைக் குறித்துக்கொண்டிருந்தார். தக்காணத்தில் ஏழு ஆண்டாகக் காலூன்றியிருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியோ லாலியின் உத்தரவுப்படி தன் படையோடு தெற்கே வந்துகொண்டிருந்தார். வந்துசேர்ந்தால் இருவருக்கும் ஒத்துப்போகுமா என்பது வேறு கேள்வி.

கப்பல் போய்விட்டால், காசும் இல்லாமல், மாடும் இல்லாமல், லாலி சென்னைக் கோட்டை வாசலுக்கு எப்படிப் போய்ச் சேரப்போகிறார்?

(தொடரும்)